மூன்றாவது நிமிடத்து மணி

ஜூலை 15 என்றால் விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வீட்டு விசேஷம் மாதிரி. காமராசர் பிறந்த மண் அல்லவா. கல்வி வளர்ச்சி நாள் என்று தமிழ்நாடு முழுக்கக் கொண்டாடினாலும், இங்கே அவர் படத்துக்கு விழும் மாலையின் கனமே தனி. சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாளில், சிவகாசிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஆசிரியர்கள் இருவர், நான் ஒருவன். மேசைமேல் மதிப்பெண் தாள், தண்ணீர் பாட்டில், தலையில் தட்டினால் ஒலிக்கும் ஒரு பித்தளை மணி. ஆளுக்கு மூன்று நிமிடம். இரண்டரை நிமிடத்தில் ஒரு தட்டு, மூன்றாவது நிமிடத்தில் இரண்டு தட்டு. மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

பத்துப் பேருக்குப் பிறகு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் நான்காக மடித்த தாள். “அவையோருக்கு வணக்கம்” என்றான். அதிலேயே லேசாக ஒரு இழுப்பு. அடுத்து “கா” என்றான். கா, கா, கா என்று நான்கைந்து முறை. பிறகு வாய் திறந்தபடியே நின்றது, ஒலி வரவில்லை. கண்கள் இறுக மூடிக்கொண்டன. வலது கை தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தது, அந்தத் தட்டில் சொல் உதிர்ந்துவிடும் என்பதுபோல. முன்வரிசைப் பிள்ளைகளிடம் சிரிப்பு கிளம்பியது. ஓர் ஆசிரியை, அன்பாகத்தான், “மூச்சை நல்லா இழுத்து விட்டு மெதுவாச் சொல்லுய்யா” என்றார். அவன் “காமராசர்” என்று முடித்தபோது முதல் நிமிடம் ஓடிப்போயிருந்தது.

1903இல் விருதுநகரில் பிறந்தார் என்பதைச் சொன்னான். பள்ளிகளில் மதிய உணவு தந்தார் என்று சொல்ல வந்தான். ‘மதிய’ வந்தது, ‘உணவு’ வரவில்லை. நான் ஒரு தட்டுத் தட்டினேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மீண்டும் முயன்றான். மூன்றாவது நிமிடம் ஆயிற்று. இரண்டு தட்டுத் தட்டினேன். எல்லோருக்கும் ஒரே விதி. பாதிச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டே தாளை மடித்துப் பையில் செருகிக்கொண்டு அவன் மேடையை விட்டு இறங்கினான். நன்றி சொல்லவில்லை. அது பேச்சுப் போட்டியில் மதிப்பெண் குறையும் விஷயம். மதிப்பெண் தாளில் அதையும் குறித்தேன்.

அவன் யார் என்று தெரியாத ஒருவர் அந்த மணியை அடித்திருந்தால் மன்னித்துவிடலாம். எனக்குத் தெரியும். நானும் திக்கிப் பேசி வளர்ந்தவன்.

என் சிறுவயது திருத்தங்கலில் கழிந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து விருதுநகரில் படித்தேன். மாலையில் பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும். எனக்கு ‘த’ வரிசை ஆகாது. எங்கள் ஊர்ப் பெயரோ தகரத்தில் தொடங்கி நடுவிலும் தகரத்தை வைத்திருக்கிறது. கண்டக்டர் பக்கத்தில் வந்து “எங்கப்பா?” என்று கேட்டதும் நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். பின்னால் பத்துப் பேர் சில்லறையோடு நிற்பார்கள். “சீக்கிரம் சொல்லுப்பா” என்பார் அவர். ஒருநாள் என்னை அறியாமல் “சிவகாசி ஒண்ணு” என்றேன். வழுக்கிக்கொண்டு வந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சிவகாசி திருத்தங்கலுக்கு அடுத்த ஊர். டிக்கெட் விலை கொஞ்சம் கூட. அந்த வருடம் முழுக்க, இடைவேளையில் சேவு வாங்கித் தின்ன அம்மா தரும் காசைச் சேர்த்துப்போட்டு நான் சிவகாசிக்கு டிக்கெட் எடுத்துத் திருத்தங்கலில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கண்டக்டர் கவனித்துவிட்டார். “ஏப்பா, சிவகாசிக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்க எறங்குற?” “இங்க அத்தை வீடு இருக்கு” என்றேன். அத்தை இருந்தது அருப்புக்கோட்டையில். அந்தப் பொய்யும் திக்கவில்லை.

பள்ளியில் இன்னொரு விசித்திரம். வாய்ப்பாட்டை வகுப்பே சேர்ந்து சொல்லும்போது என் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். ஓரெட்டு எட்டு, ஈரெட்டுப் பதினாறு என்று பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒரு தடங்கல் கிடையாது. அதே வாய்ப்பாட்டைத் தனியாக எழுந்து சொல்லச் சொன்னால் முதல் வரியிலேயே நின்றுவிடுவேன். “கூட்டத்தோட சொல்லும்போது கணீர்னு வருது, தனியாச் சொல்லச் சொன்னா நடிக்கிறான்” என்று பிரம்பை எடுத்தார் ஓர் ஆசிரியர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பார்க்கிறவர் கண்ணுக்கு அது நடிப்பாகத்தான் தெரியும். வருகைப் பதிவின்போது “உள்ளேன் ஐயா” என்ற இரண்டு சொல் வராமல், வந்திருந்தும் வராதவனாக நான் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். திக்கிப் பேசுகிறவர்கள் பிறரோடு சேர்ந்து வாசிக்கும்போது அநேகமாகத் திக்குவதில்லை. பாடும்போது திக்குவதில்லை. தனியறையில் தனக்குத்தானே பேசும்போதும், தொட்டில் குழந்தையோடும் ஆட்டுக்குட்டியோடும் பேசும்போதும் திக்குவது மிகக் குறைவு. உலகத்தில் எந்த மொழி பேசுகிறவர்களிடமும் இப்படித்தான். நாக்கிலோ தொண்டையிலோ குறை இருந்தால் பாட்டில் மட்டும் எப்படி அது காணாமல் போகும்? குறை நாக்கில் இல்லை. பேச்சுக்கு வேண்டிய நூறு சிறு அசைவுகளை மூளை நேரம் பிசகாமல் ஒருங்கிணைக்க வேண்டும். அந்த ஒருங்கிணைப்பில் நொடியின் சிறு பங்கு அளவுக்கு ஒரு பிசகு. பக்கத்திலிருப்பவர் குரல் தாளம் போட்டுக் கொடுத்தால் அந்தப் பிசகு சரியாகிவிடுகிறது. தனியாக நின்று, பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது திரும்ப வந்துவிடுகிறது.

என் அப்பாயி இதையெல்லாம் அறியமாட்டாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தாள். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அங்கே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்து மணலில் பொறுக்கி வந்த கூழாங்கல்லை என் வாயில் அடக்கிக்கொண்டு பேசச் சொன்னார் தாத்தா. இதே வைத்தியம் செய்துகொண்ட கிரேக்கத்துப் பேச்சாளர் தெமொஸ்தனிஸ் கதை அவர் காதுக்கு எப்படி வந்ததோ. ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரருக்குத் திருச்செந்தூர் முருகன் வாய் திறந்த கதையை மட்டும் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்வாள் அப்பாயி. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு இரவில் படுக்கும்போது, நாளைக் காலையில் எழுந்ததும் நானும் கடகடவென்று பேசிவிடுவேன் என்று நம்பிப் படுப்பேன். அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்பு காட்டிய எல்லோரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். நான் என்ன சொல்ல வந்தேன் என்று கேட்டவர்கள் குறைவு.

விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்து பேர் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவே, பேச்சு பூத்துக் குலுங்குகிற நாளில்தான் இது தொடங்குகிறது. அவர்களில் ஐந்துக்கு நான்கு பேருக்கு எந்த வைத்தியமும் இல்லாமல் தானாகவே நீங்கிவிடுகிறது. மிஞ்சியவர்களோடு வளர்ந்த பிறகும் தங்கிவிடுகிறது. நூற்றுக்கு ஒருவர் என்பது உலகக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி விருதுநகர் மாவட்டத்தில் 19 லட்சத்து 42 ஆயிரம் பேர். அப்படியானால் இந்த ஒரு மாவட்டத்திலேயே பத்தொன்பதாயிரம் பேர் இருக்க வேண்டும். எங்கே அவர்கள்? கடைத்தெருவிலும் கல்யாண வீட்டிலும் அவர்களை அதிகம் கேட்க முடியாது. பேச்சைக் குறைத்துக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு, நம் நடுவிலேயே இருக்கிறார்கள்.

ஆண்பிள்ளைகளுக்கு இது அதிகம். வளர்ந்த பிள்ளைகளில் பெண் ஒருத்திக்கு ஆண் நான்கு என்ற அளவில் வரும். குடும்ப வழியிலும் வரும். 2010இல் அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள், பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கிய ஆராய்ச்சியில், திக்குவோர் சிலரிடம் மூன்று மரபணுக்களில் மாற்றங்கள் இருப்பதைக் கண்டார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் பிள்ளை திக்கினால் முதல் பழி தாய்மேல் விழும். “பிள்ளையை அதட்டி அதட்டி வளர்த்தா இப்படித்தான்.” “பிள்ளையக் கவனிக்காம பயர் ஆபீசே கதின்னு கெடந்தா வேறென்ன ஆகும்?” பட்டாசு ஆலையை இங்கே பயர் ஆபீஸ் என்பார்கள். விடியுமுன் ஊருக்குள் வரும் கம்பெனி வண்டியைப் பிடிக்கத் தூக்குவாளியோடு ஓடும் பெண்ணுக்கு, எண்ணிக்கைக்குத் தகுந்த கூலிக்காகச் சரம் பின்னி விரல் காய்த்துப்போன பெண்ணுக்கு, இந்தப் பழியும் சேரக் கூடாது. தாயின் வளர்ப்பால் திக்கல் வருவதில்லை. அதட்டலால் வருவதில்லை. பயந்ததால் வருவதில்லை. இன்னொரு பிள்ளையைப் பார்த்துப் பழகியதாலும் வருவதில்லை.

ஆனால் நம் அதட்டலால் வேறொன்று வரும். அது என்ன என்பதற்கு ஒரு கொடுமையான சாட்சி உண்டு.

1939. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊர். அங்கே இருந்த அநாதை விடுதியில் 22 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர் மேரி டியூடர் என்ற மாணவி. வழிகாட்டியவர் வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியர். ஜான்சனும் திக்கிப் பேசி வளர்ந்தவர்தான். பிள்ளையிடம் திக்கல் பிறப்பது பெற்றோரின் காதில்தான் என்பது அவர் எண்ணம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு பிள்ளைகளிடம், உனக்குத் திக்கல் வருகிறது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசவே பேசாதே என்று மாதக்கணக்கில் சொல்லிவந்தார்கள். அந்தப் பிள்ளைகள் திக்குவாயர்களாக மாறவில்லை. வேறொன்று ஆனார்கள். பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வகுப்பில் வாய் திறக்க மறுத்தார்கள், கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார்கள், கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். அறுபது ஆண்டு கழித்து, 2001இல், செய்தி வெளியே வந்து அவர்களுடைய பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் ஆறு பேர் தரப்புக்கு 9,25,000 டாலர் இழப்பீடு கொடுத்தது.

இந்தச் செய்தியை நான் படித்தது நாற்பதை நெருங்கும் வயதில். படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. திக்கலை யாரும் யாருக்கும் ஏற்றிவிட முடியாது. மௌனத்தை ஏற்றிவிடலாம். அதற்கு ஒரு விடுதியும் பேராசிரியரும் வேண்டியதில்லை. ஒரு வகுப்பறைச் சிரிப்பு போதும். ‘நீ உட்காரு, அடுத்தவன் சொல்லு’ போதும். ஒரு பித்தளை மணி போதும்.

எங்கள் ஊரில் இந்த மௌனத்துக்கு ஒரு விலையும் இருந்தது. என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒருவன் என்னைவிட மோசமாகத் திக்குவான். கணக்கில் புலி. விடையைச் சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவான். ஒரு கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. “வாய் வராதவனுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? கைதான் நல்லா இருக்கே” என்று அவன் அய்யா தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். மரச்சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலைக்கு நாக்கு தேவையில்லை, விரல் வேண்டும். எண்பதுகளின் தொடக்கம் அது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். அவனுக்கு அதெல்லாம் பிந்திப்போனது. இத்தனைக்கும் அவனுடைய அய்யா கெட்டவர் இல்லை. வறுமைக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. மகனுடைய திக்கல் சாக்காக வந்து நின்றது. வீட்டில் நான்கு பிள்ளைகள் இருக்க, எவனை நிறுத்துவது என்று யோசிக்கும்போது பேசத் தெரிந்தவன் தப்பித்துக்கொள்கிறான்.

இன்று அந்தத் தொழிலிலிருந்து பிள்ளைகள் பெரும்பாலும் வெளியே வந்துவிட்டார்கள். பள்ளியில் இருக்கிறார்கள். பள்ளிக்குள் வந்த பிள்ளையின் பேச்சு வகுப்புக்குள் வந்துவிட்டதா என்பதுதான் என் கவலை.

தமிழர்களாகிய நமக்குப் பேச்சுமேல் உள்ள மோகம் சாதாரணமானதல்ல. திருக்குறளில் சொல்வன்மைக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. மேடைப் பேச்சால் ஆட்சிக்கு வந்தவர்களைப் பார்த்த நாடு இது. பிள்ளை தங்கு தடையின்றிப் பேசினால் ‘என்ன சரளமாப் பேசுறான்’ என்று கொண்டாடுகிறோம். சரளம் என்பதைத் திறமையாக, அறிவாக, சில சமயம் நேர்மையாகவே எடுத்துக்கொள்கிறோம். தடுமாறிச் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது போலீஸ்காரரிலிருந்து பெண் பார்க்க வந்த வீட்டார் வரை எல்லோருக்கும் உள்ள நினைப்பு.

மணியை அடித்துவிட்டு அன்று மாலை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பையனுக்குக் ‘கா’ வரவில்லை. சரி. காமராசரைச் சொல்ல வேறு பெயரா இல்லை? ‘பெருந்தலைவர்’ என்று தொடங்கியிருக்கலாமே. அவனுக்கு முன் பேசிய பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். திக்கிப் பேசுகிறவர்களுக்கு இது கைவந்த கலை. வரப்போகிற சொல்லை இரண்டு சொல் தள்ளியே பார்த்துவிடுவோம். சிக்கும் என்று தெரிந்தால் அடுத்த சந்துக்குள் திரும்பிவிடுவோம். ‘தண்ணி’ வராவிட்டால் ‘குடிக்க ஏதாவது’ என்போம். ‘தம்பி’ வராவிட்டால் ‘எங்க வீட்டுச் சின்னவன்’ என்போம். திருத்தங்கல் வராவிட்டால் சிவகாசி. இப்படிச் சந்து சந்தாகத் திரும்பித்தான் நான் ‘திக்கல் போனவன்’ ஆனேன். உறவுக்காரர்கள் எல்லாம் மாரியம்மன் கண் திறந்துவிட்டாள் என்றார்கள். எனக்குத் திக்கல் போகவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லும் பழக்கம் போயிருந்தது.

அந்தப் பையன் சந்துக்குள் திரும்பவில்லை. காமராசர் என்று சொல்ல வந்தான், காமராசர் என்றே சொன்னான். ஒரு நிமிடம் ஆனது, அவ்வளவுதான். அன்றைக்கு அந்த மேடையில் ஏறியவர்களிலேயே, மனதில் நினைத்த சொல்லுக்காக நின்று போராடியவன் அவன் ஒருவன். மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தார்கள். நான் சரளமானவர்களுக்கு மதிப்பெண் போட்டேன்.

என் வாழ்க்கையில் நான் மிகச் சரளமாகச் சொன்ன சொல் ‘சிவகாசி ஒண்ணு’. அது பொய். திக்காமல் வந்தது என்பதற்காக ஒரு சொல் உண்மையாகிவிடாது, திக்கி வந்தது என்பதற்காகக் குறைந்தும் போகாது. ஒரு குழந்தை எத்தனை முறை தடுக்கி விழுந்தது என்று எண்ணுவது எளிது. பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள்கூட நூறு அசைக்கு எத்தனை திக்கல் என்று எண்ணித்தான் குறித்துக்கொள்கிறார்கள். அவர்கள் தொழிலுக்கு அது வேண்டும். பெற்றவரும் ஆசிரியரும் எண்ண வேண்டியது வேறு. இன்று இந்தப் பிள்ளை சொல்ல நினைத்ததைச் சொன்னதா? கேட்க நினைத்த சந்தேகத்தை வகுப்பில் கேட்டதா? கடைக்குப் போனபோது வேண்டிய பொருளைக் கேட்டு வாங்கியதா, பெயர் சொல்ல வாகாக இருந்த வேறொன்றை வாங்கி வந்ததா? ஆம் என்றால், பத்து இடத்தில் திக்கியிருந்தாலும் அது நல்ல நாள். ஒரு முறைகூடத் திக்காமல் ஒரு பிள்ளை நாளைக் கழித்தது என்றால்தான் நான் பயப்படுவேன். அந்தப் பிள்ளை பேசாமலே இருந்திருக்கலாம்.

வைத்தியம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் வேண்டும், அதுவும் சீக்கிரம். ‘வளர்ந்தாச் சரியாயிடும்’ என்று சொல்கிறவர்கள் ஐந்துக்கு நான்கு முறை சரியாகத்தான் சொல்கிறார்கள். அந்த ஐந்தாவது பிள்ளையைத்தான் இந்த வாக்கு கைவிட்டுவிடுகிறது. திக்கல் தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், வீட்டில் வேறு யாருக்காவது நிலைத்த திக்கல் இருந்தால், சொல் வராமல் பிள்ளை முகத்தைச் சுளித்துக் கண்ணை இறுக்கினால், பேசவே தயங்கினால், காத்திருக்காமல் ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்ட வேண்டும். பள்ளியில் நுழையுமுன் பார்த்துவிட்டால் நீங்கிவிடும் வாய்ப்பு அதிகம். குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிய 2013இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் இதற்கான மையங்களுக்கு வழி செய்திருக்கிறார்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. அங்கே போய்க் கேளுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சியில் ஒன்று ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான லிட்கம் முறை. வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் பெற்றோர் பிள்ளையோடு விளையாட்டாகப் பேசி, தடங்கலில்லாமல் வரும் பேச்சைப் பாராட்டுவார்கள். இன்னொரு முறையில் பிள்ளையின் பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சுற்றியுள்ளவர்கள் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள், கேள்விமேல் கேள்வி கேட்காமல் இருப்பார்கள். எது மேல் என்று நெதர்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். பதினெட்டு மாதம் கழித்து இரண்டு பக்கத்திலும் பத்துக்கு ஏழு பிள்ளைகளுக்கு மேல் திக்கல் நீங்கியிருந்தது. பெரிய வேறுபாடு இல்லை. படிக்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: இரண்டு முறைக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. ஒரு பெரியவர் தினமும் கொஞ்ச நேரம் வேறு வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தப் பிள்ளை பேசுவதைக் கேட்டார்.

பயர் ஆபீசிலிருந்து இருட்டின பிறகு வீடு வந்து, அடுப்பைப் பற்றவைக்கும் தாயிடம் இதைக் கேட்பது நியாயமா என்று எனக்கே உறுத்துகிறது. வாரம் ஒருநாள் பயிற்சிக்கு அழைத்துப்போனால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே தாயிடம் மட்டும் கேட்கவில்லை. வீட்டில் அய்யா இருக்கிறார், தாத்தா இருக்கிறார், அத்தை இருக்கிறாள். ஐந்து நிமிடம் யாராலும் முடியும். செல்போனைக் கீழே வைக்க வேண்டும். பிள்ளை தடுமாறும்போது சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. நம் வாயிலிருந்து வரும் சொல், அவன் சொல்ல வந்ததாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? ‘மெதுவாப் பேசு’, ‘மூச்சு விட்டுப் பேசு’, ‘பதறாதே’ என்று சொல்வதற்குப் பதிலாக நாமே மெதுவாகப் பேச வேண்டும். அவன் சொல் சிக்கி நிற்கும் நேரத்தில் பார்வையைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. நாகரிகம் என்று நினைத்து நாம் முகத்தைத் திருப்புகிறோம். பிள்ளைக்கு அது, நீ இப்போது பார்க்கச் சகிக்காதவனாக இருக்கிறாய் என்றுதான் போய்ச் சேரும். எனக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு முழுக்க நீங்கும் என்று உறுதி கொடுக்க முடியாது. கொடுப்பவர்களிடம் பணத்தைக் கட்டி ஏமாறாதீர்கள். போராட்டமில்லாமல் திக்கவும், திக்கினாலும் விடாமல் பேசவும் பயிற்சி கொடுக்க முடியும். 2008இல் தொடங்கிய இந்தியத் திக்குவாய்ச் சங்கம் அந்த வழியில்தான் போகிறது. ஒளிக்காமல் பேசு என்கிறார்கள். இந்த வார்த்தை பஸ்ஸில் போகிற வயதில் என் காதில் விழுந்திருந்தால் சேவுக் காசாவது மிஞ்சியிருக்கும், அதைவிடப் பெரியதும் மிஞ்சியிருக்கும்.

1954 முதல் 1963 வரை தமிழ்நாட்டை ஆண்ட காமராசர் இந்த மாவட்டத்துக்காரர். அடுக்குமொழி பேசத் தெரியாதவர். கேட்டால் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ என்பார் என்று ஊரே சொல்லும். எதிரே நின்று பேசுகிறவனைக் கேட்டுவிட்டுச் சொல்லும் சொல் அது. பள்ளிக்கூடத்தையும் மதியச் சோற்றையும் அவர் கொடுத்தது, வாய் உள்ள பிள்ளை வாய் இல்லாத பிள்ளை என்று பார்த்து அல்ல. அவர் பிறந்தநாளுக்கு நாம் வைக்கும் போட்டியில் ஒரு பிள்ளை அவர் போட்ட சோற்றைச் சொல்லி முடிக்குமுன் நேரம் முடிந்துவிடுகிறது. எழுத்துத் தேர்வில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கிறோம். அதில் யாருக்கும் எதுவும் குறைந்துபோவதில்லை. பேச்சுப் போட்டிக்கு இந்த வழக்கம் இன்னும் வரவில்லை. அதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் நினைத்தால் போதும்.

நான் அதன் பிறகு ஒருமுறை அந்தப் பள்ளிக்குப் போனேன். பையன் மேல்படிப்புக்கு வேறு பள்ளி போய்விட்டான் என்றார்கள். அடுத்த வருடப் போட்டிக்கு அவன் பெயர் கொடுக்கவில்லையாம்.

ஆசிரியர்களே, வரும் ஜூலை 15 அன்று உங்கள் பள்ளியிலும் பேச்சுப் போட்டி இருக்கும். உங்கள் வகுப்பில் பெயர் கொடுக்காத பிள்ளைகளில், விடை தெரிந்தும் கை தூக்காத ஒரு பிள்ளை இருக்கும். முந்தின நாளே தனியாகக் கூப்பிட்டு, பேச விருப்பமா என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள். விருப்பம் என்றால் மேடை ஏற்றுங்கள், சிரிக்கிற முன்வரிசையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மணியை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.